நீல மூடி பாட்டில்

பாண்டியன் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடங்களை நிரப்பி உள்ளே கொண்டுவந்து வைத்தான். பல் தேய்த்தான். அடுப்பைப் பற்றவைத்தான். ஃப்ரிட்ஜைத் திறந்தான். கதவுத் தட்டில் நீல மூடி போட்ட கண்ணாடி பாட்டில் இருந்தது. அதில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் ‘தொடாதே. ஏரி, அசல். ப.’ என்று கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது. அதன் மேல் கை படாமல், பின்னாலிருந்த பால் பாக்கெட்டை எடுத்தான். நேற்று மாலை வெட்டி, துணி கிளிப் போட்டு வைத்த பாக்கெட். கிளிப்பை எடுத்துவிட்டு முகர்ந்தான். கெடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தினான். ரப்பர் தளர்ந்துபோன கதவு அது. கையால் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் தானே திறந்துகொள்ளும். டீ போட்டு, அம்மாவுக்கு ஒரு டம்ளர் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வாசலிலிருந்து பின்கட்டுக்கு வந்தான். திரும்ப வாசலுக்குப் போனான். அதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது.

“ஒக்காந்து குடியேன்டா. கால்ல சக்கரமா கட்டிக்கினு கீற?” என்றாள் மங்கம்மா.

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

கார்த்திகையில் அவன் மனைவி பரிமளா செத்துப்போனாள். இப்போது சித்திரை. இடையில் அவன் எங்கேயும் ஒழுங்காக உட்காரவில்லை. முடிவெட்டும் கடையில் பாதியில் எழுந்து வந்துவிட்டான். சாப்பாடு நின்றுகொண்டுதான். வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு வருவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை முழுக்க ஓட்டி, அந்தக் கோடியில் திரும்பி, மறுபடி இந்தக் கோடிவரை வருவான். அவன் அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். உள்ளுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குகிறான் என்றார்கள் சிலர். உள்ளே தேடிப் பார்த்தால் அப்படி ஒன்றும் அவனுக்குத் தட்டுப்படவில்லை. கால் மட்டும்தான் நிற்கவில்லை.

நேற்று சாயங்காலம் அப்ரோஸ் ஃபோன் செய்திருந்தான். சென்னையில் பரிமளா பி.எச்டி செய்த ஆய்வகத்தில் அவளுக்கு ஜூனியர். காஞ்சிபுரத்தில் அவன் அப்பாவுக்குச் செருப்புக் கடை. அவளை அக்கா என்பான். அந்த முறையில் பாண்டியன் மாமா.

“மாமா, அக்காவோட பாட்டில் ஒண்ணு உங்க வூட்ல இருக்கா? நீல மூடி?”

“இருக்கு.”

“ஃப்ரிட்ஜ்லயா?”

“ஆமா.”

மறுமுனையில் அவன் பெரிதாக மூச்சு விட்டது கேட்டது. “யா அல்லா. நாளைக்கு வரேன் மாமா. அத யாரும் தொட வேணாம்.”

பிறகு விவரம் சொன்னான். ஆய்வகத்தின் உறைபெட்டி ஒரு விடுமுறையில் நின்றுபோயிருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. திறந்தபோது எல்லாம் உருகி நாறியிருக்கிறது. பயந்துபோய் மொத்தத்தையும் எடுத்துக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டார்கள். அக்கா மாற்றியமைத்த வைரஸ்கள் வேறு அறையில் இருந்ததால் தப்பின. ஏரியில் பிடித்த அசல் வைரஸ் மட்டும் போய்விட்டது. அதில் மிச்சம் இந்த பாட்டிலில் இருப்பதுதான். அவள் அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்தவர்கள் ஒரே ஒரு சோதனை பாக்கி என்கிறார்கள். அசலையும் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் கட்டுரை வரும். முதல் பெயர் பரிமளா. காட்டாவிட்டால் அது அவள் சொல்லிப் பார்த்த ஒரு ஊகம், அவ்வளவுதான்.

“அசல் இல்லன்னா அக்கா சொன்னது சரின்னு யாருக்குமே தெரியாது மாமா.”

பாண்டியன் “வா” என்று மட்டும் சொன்னான். ஃபோனை வைத்த பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சாத்தினான். திரும்பத் திறந்தான். அந்த வீட்டில் அவளுடையது எல்லாமே இடம் மாறியிருந்தது. புடவைகளை அவள் அம்மா எடுத்துப்போனாள். புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குப் போய்விட்டன. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது இந்த பாட்டில் ஒன்றுதான்.

அறுவடைக் காலம். லீவு கேட்க முடியாது. உத்திரமேரூரைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக இருந்த நெல் கொள்முதல் நிலையத்தில் பாண்டியன் பில் போடுகிறவன். பி.காம் படித்தவன். அப்ரோஸ் மத்தியானம் நேராகக் களத்துக்கே வந்துவிட்டான். தோளில் ஒரு பை. கையில் மீன்காரர்கள் மீன் கொண்டுபோகிற மாதிரி ஒரு ஐஸ் டப்பா. மெலிந்திருந்தான். பாண்டியனைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிடித்தான், விட்டான்.

“கொஞ்ச நேரம். இந்த லோடு முடியட்டும்” என்றான் பாண்டியன்.

அப்ரோஸ் கட்டிவைத்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்தான். பரிமளா உட்காருகிற இடம் அது. பாண்டியன் மேசையிலிருந்து எழுந்து தராசுவரை போய், ஒன்றும் பார்க்காமல் திரும்பிவந்து உட்கார்ந்து, மறுபடி எழுந்தான்.

சனிக்கிழமைகளில் சென்னையிலிருந்து பரிமளா வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கேதான் வருவாள். மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, கோணியில் நெல் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லோடுமேன் சின்னராசு கோணியின் வாயை விரித்துப் பிடிப்பான். கூடை கூடையாக நெல் விழும். கோணியைத் தூக்கிக் குலுக்குவான், முட்டியால் இடிப்பான், நெல் உட்கார்ந்துகொள்ளும், இன்னும் கொட்டுவான். தராசில் வைப்பான். எப்போதும் கூடிவிடும். இரண்டு கை அள்ளுவான். குறைந்துவிடும். ஒரு கை போடுவான். கூடிவிடும்.

ஒரு நாள் பாண்டியன் கேட்டான், “அப்பிடி இன்னா இதுல பாக்குற நீ?”

“என் வேலையும் இதான்பா” என்றாள். கையிலிருந்த நெல் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள். “நெல்லு எல நுனியில வெளுத்துக் கருகுது இல்ல, அது ஒரு பாக்டீரியா. அத தின்ற வைரஸ் ஒண்ணு இந்த ஏரியில கீது. மனுசன ஒண்ணும் பண்ணாது. அந்த வைரஸு மொதல்ல வெறுங்கூடு கட்டும். நம்ம காலிக் கோணி மாதிரி. அப்புறம் அதுக்குள்ள கயித்த திணிக்கணும். கயிறுன்னா டி.என்.ஏ. கூட்ட விட நூறு மடங்குக்கு மேல நீளம். கூட்டுல ஒரே ஒரு மூலையில வாசல் கீது. ஒரே மாதிரி பன்னெண்டு துண்டு சேந்து ஒரு வளையம். வளையத்துக்கு வெளிய ஒரு மோட்டாரு. அதுவும் ப்ரோட்டீன்தான். அது கயித்த புடிச்சிப் புடிச்சி உள்ள தள்ளிக்கினே இருக்கும்.”

“கூடு வெடிக்காதா?”

“வெடிக்காது. உள்ள லாரி டயர விட பல மடங்கு அமுக்கம். ஆனா வெடிக்காது. நெறஞ்ச ஒடனே மோட்டாரு நிறுத்திடும். நிறுத்தி, அதுவே கயித்த வெட்டிடும். நெறஞ்சிச்சின்னு அதுக்கு யாரு சொன்னது? கண்ணு இல்ல. தராசு இல்ல. அதான் என் கேள்வி.”

“யாரு சொன்னது?”

“வாசலு. கயிறு உள்ள நெருக்கி நெருக்கி, கடைசியில வளையத்தையே சுத்திக்கினு அழுத்தும். அழுத்துனா வளையம் லேசா முறுக்கிக்கும். அந்த முறுக்கு மோட்டாருக்குத் தெரியும். போதும், வெட்டு.” அவள் இரண்டு விரலால் காற்றில் வெட்டிக் காட்டினாள். “நான் சொல்றேன், அப்பிடித்தான்னு. இன்னும் காட்டல.”

சின்னராசு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். “டாக்டரம்மா! இன்னாத்த என்னையே பாத்துக்கினு கீற? கண்ணு பட்டுடப் போவுது.”

“ஒன்னப் பத்திதான் பேசறோம் அண்ணே. என் ப்ரோட்டீன் ஒன்ன மாதிரி போட்டுப் போட்டு அள்ளாது. ஒரே தடவ. கரெக்டா நிறுத்தும்.”

“நிறுத்தும் நிறுத்தும். அதுக்கு மேல ஒரு ஆபீசரு நின்னு ‘ஏறுது, எறங்குது’ன்னு காட்டு கத்தா கத்துனா தெரியும். அப்ப அதுக்கும் கையி நடுங்கும்.”

அவள் சிரித்த சிரிப்பில் மூட்டையிலிருந்து சரிந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் அந்த வளையத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினாள். பன்னிரண்டு துண்டிலும் அதே இடத்தில். வளையம் மந்தமாகிவிட்டது. நிறைந்த பிறகும் அது எதையும் சொல்லவில்லை. மோட்டார் வெட்டாமல் மேலும் மேலும் திணித்தது. ஃபோனில் அதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சிரைத்தது. பாண்டியன் அப்போது சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். “சரி, நல்லதா கெட்டதா அது?” என்று கேட்டான். “லூசு” என்றாள்.

லோடு முடிந்தது. சின்னராசு தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்து அப்ரோஸைப் பார்த்தான். “இவரும் டாக்டரா?”

“ஆவப் போறேன்” என்றான் அப்ரோஸ்.

“அந்தப் பொண்ணு ஒக்காந்த எடத்துல ஒக்காந்துக்கினு கீற. ஒழுங்கா படி.” சொல்லிவிட்டு, பாண்டியனைப் பார்க்காமல், அடுத்த கோணியின் வாயை விரித்தான்.

இருவரும் வண்டியில் திருப்புலிவனத்திலிருந்த வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் மங்கம்மா இலை போட்டு வைத்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு. அப்ரோஸ் முதலில் பாட்டிலைப் பார்க்க வேண்டும் என்றான். வந்த பிள்ளை முதலில் சாப்பிட வேண்டும் என்றாள் அவள். சாப்பிட்டான். பாண்டியன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று சாப்பிட்டான். மங்கம்மா அப்ரோஸுக்கு எதிரில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வதை அவனிடமும் சொன்னாள்.

“கடைசியா இன்னா சொன்னா தெரியுமா நைனா? ‘அத்தே, என் புருசன ஒன் கையில குடுத்துட்டுப் போறேன், பாத்துக்கோ’ன்னா. அந்த மூச்சு போற நேரத்துலயும் இவன் நெனப்புதான்.”

அப்ரோஸ் தலையை ஆட்டினான். பாண்டியன் குழம்பைப் பிசைந்தான். அன்று மங்கம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. இருந்தது அவன் மட்டும். பரிமளா உண்மையில் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சாகப்போகிறவள் சொல்லக்கூடியதாக அது இல்லை. கேட்டால் யாராவது சிரித்துவிடுவார்கள். அம்மா ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாள், அது கேட்க நன்றாக இருக்கிறது, அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கை கழுவிவிட்டு அப்ரோஸ் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நின்றான். பாண்டியன்தான் எடுத்துக் கொடுத்தான். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அதைத் தொட்டான். வெறும் குளிர்ச்சி. அப்ரோஸ் அதை இரண்டு கையாலும் வாங்கி, நாடாவிலிருந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்தான். ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தான். சாய்த்தான். மூடியைச் சுற்றி விரலால் தடவினான். சிரிப்பு போய்விட்டது.

“மாமா, இதத் தொறந்தீங்களா?”

“இல்ல.”

“மூடியச் சுத்தி மெழுகுத் தாள் மாதிரி ஒண்ணு இழுத்து ஒட்டியிருப்பாங்க. அது இல்ல.” மறுபடி வெளிச்சத்தில் பிடித்தான். “லேசா மஞ்சளா இருக்கணும். இது சும்மா தண்ணி மாதிரி இருக்கு மாமா.”

பாண்டியன் பார்த்தான். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. முன்னே மஞ்சளாக இருந்ததா என்று யோசித்தான். தினமும் பார்த்திருக்கிறான். எழுத்தைத்தான் பார்த்திருக்கிறான்.

“அது தண்ணிதான்” என்றாள் மங்கம்மா, இலையை எடுத்துக்கொண்டே. “நான் புடிச்சி வெச்சதுதான்.”

இருவரும் திரும்பினார்கள்.

“இன்னாத்துக்குடா அப்பிடி முறைக்கிற? பொணத்த எடுத்த வூட்ல தண்ணி வெப்பாங்களா? அன்னிக்குப் பாடிய எடுத்துக்கினு நீங்கல்லாம் அந்தண்ட போன ஒடனே, கொடம், குண்டான், சொம்பு, ட்ரம்மு எல்லாத்தையும் கவுத்துட்டுதான் வூட்ட கழுவுனோம். ஃப்ரிட்ஜுல கீறது மட்டும் தண்ணி இல்லியா? பக்கத்தூட்டு செல்லாயி வேற வந்து நின்னுக்கினு, அதுல கிருமி கீது, அதாலதான் காய்ச்சலு வந்துது, மொதல்ல அத்த ஊத்துன்றா.”

கொசு கடித்து வந்த டெங்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள் என்பது பாண்டியனுக்குத் தெரியும். அது வீட்டுக்குள் வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தது தெரியாது.

“மேல ‘தொடாதே’ன்னு எழுதியிருக்கே, அம்மா” என்றான்.

“எனக்கு இன்னாடா படிக்கத் தெரியும்? அவ எய்துனதுன்னு தெரியும். அதான் பாட்டில தூக்கிக் கெடாச மனசு வரல. கொயாத் தண்ணிய புடிச்சி இருந்த எடத்துலயே வெச்சேன். வெறும் பாட்டிலா வெச்சா நீ கேப்பேன்னு.” அவள் குரல் இறங்கியது. “நீயும் தெனம் பாத்துக்கினுதான இருந்த. ஒண்ணும் சொல்லல. சரி, தெரிஞ்சிதான் இருக்கறேன்னு நெனச்சேன்.”

ஃப்ரிட்ஜ் கதவு தானே திறந்துகொண்டது.

பாண்டியன் அப்ரோஸின் கையிலிருந்து பாட்டிலை வாங்கினான். வாங்கியதே தெரியாத மாதிரி மெதுவாகத்தான் வாங்கினான். பின்கட்டுக்கு நடந்தான். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று மூடியைத் திருகிக் கழற்றினான். கார்த்திகையிலிருந்து இதுவரை அவன் காவல் காத்தது தெருக்குழாய்த் தண்ணீர். காலையில் எழுந்ததும் அவன் கண் முதலில் போனது தெருக்குழாய்த் தண்ணீரிடம். பாட்டிலைக் கவிழ்த்தான். அது குறுகலான வாய். தண்ணீர் கடகடவென்று விக்கி விக்கிக் கல்லின் மேல் விழுந்தது. கோபம் இல்லை, வருத்தம் இல்லை. அது காலியானதும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட வேண்டும் என்பதுதான் இருந்தது. ஏரிக்கரை போதாது. செங்கல்பட்டுவரை, அதற்கும் அப்பால்.

“மாமா! ஊத்தாதீங்க! மாமா!”

அப்ரோஸ் ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து நிமிர்த்தினான். பாட்டிலில் பாதிக்குக் கீழே இருந்தது. அப்ரோஸின் சட்டையெல்லாம் தண்ணீர்.

“கொழாத் தண்ணிடா அது.”

“இருங்க. இருங்க மாமா. ஒரு நிமிசம்.” அவன் பாட்டிலைப் பிடுங்கி மூடியை வாங்கி இறுக்கினான். திரும்பி, கதவோரம் வந்து நின்ற மங்கம்மாவிடம் கேட்டான். “அம்மா, ஊத்துனீங்களே, ஊத்திட்டுக் கழுவுனீங்களா?”

“கய்வல.”

“சோப்பு?”

“போடலப்பா.”

“கொஞ்சங்கூட? நல்லா ஞாபகம் பண்ணிச் சொல்லுங்க. சுடுதண்ணி, புளி, சாம்பல், எதுவும்?”

“போடலன்றேன் இல்ல? சோப்பு போட்டா அவ எய்துனது அயிஞ்சிடாதா? தண்ணியக் கவுத்தேன், கொயாவுல புடிச்சேன், மூடியப் போட்டேன். அம்மாந்தான்.”

“அந்தக் கொழாவுல ப்ளீச்சிங் பவுடர் போடுவாங்களா?”

“அவனுங்களா?” மங்கம்மாவுக்குச் சட்டென்று பழைய குரல் வந்துவிட்டது. “ஓட்டு கேக்க வரும்போது போடுவானுங்கோ.”

அப்ரோஸ் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். நெற்றியில் பாட்டிலை வைத்துக்கொண்டான். அவன் அழுகிறானோ என்று பாண்டியன் பார்த்தான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அக்கா வெச்சதுல ஒரு சொட்டுல நூறு கோடி இருக்கும். கவுத்தா எல்லாம் போயிடுமா? உள்பக்கம் ஒட்டிக்கினு ஒரு சொட்டு, அரை சொட்டு நிக்கும். அதுலதான் இவங்க தண்ணி புடிச்சிருக்காங்க. குளிர்ல வெச்சிருக்காங்க. சாகாது. சாகும்னே சொல்லக்கூடாது, வைரஸுக்கு உசுரே இல்லன்னு அக்கா அடிப்பாங்க. எனக்கு நூறு கோடி வேணாம். ஒண்ணு போதும். ஒரே ஒண்ணு. பாக்டீரியா மேல விட்டா மறுநாளு கோடி ஆயிடும்.”

“நான் பாதிய ஊத்திட்டேனே.”

“மீதி இருக்கு இல்ல.”

“இருக்குமா அதுல?”

அப்ரோஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “தெரியாது மாமா. பாக்டீரியாவத் தட்டு மேல பரப்பி, இத விட்டு, ஒரு ராத்திரி வெச்சா, காலையில தட்டுல வைரஸ் தின்ன எடமெல்லாம் ஓட்டை ஓட்டையா இருக்கும். இருந்தா இருக்கு. இல்லன்னா முழுசா மூடியிருக்கும்.”

மங்கம்மா கல்லின் கீழே ஓடி வாழைக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். “ஊத்தவும் கூடாது, வெக்கவும் கூடாது. இன்னாடாப்பா பேஜாரு இது.” பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள். “நான் தப்பு பண்ணிட்டனா நைனா?”

“கழுவியிருந்தாதாம்மா தப்பு” என்றான் அப்ரோஸ்.

அவள் முந்தானையால் அவன் சட்டையின் ஈரத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவளுக்கு அழுகை வந்தது. நன்றாகச் சத்தம் போட்டு அழுதாள். பாண்டியன் பக்கத்தில் நின்றான். அவள் தோளைத் தொட வேண்டும் என்று தோன்றியது. தொட்டான். கை அங்கேயே இருந்தது. கால் மட்டும் ஈரத்தில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தது.

ஐஸ் டப்பாவில் பாட்டிலை வைத்து, சுற்றிலும் பழைய துணி திணித்து, அப்ரோஸ் மூடினான். மங்கம்மா ஒரு பையில் முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்ரோஸ் ஜன்னலோரம் இடம் பிடித்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே நின்ற பாண்டியனைப் பார்த்தான்.

“தட்டப் பாத்ததும் ஃபோன் பண்றேன் மாமா. ஓட்டை இருந்தாலும் இல்லாட்டியும்.”

“ம்.”

“அந்த நாடாவ எடுக்கமாட்டேன். அப்பிடியே திருப்பித் தரேன்.”

பாண்டியன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை என்று தெரியவில்லை. “அவ இன்னாத்துக்கு இத வூட்ல கொண்டாந்து வெச்சா? அங்க அவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜ் கீதே.”

“அதுவா?” அப்ரோஸ் சிரித்தான். “நானும் கேட்டேன் மாமா. வூட்டு ஃப்ரிட்ஜ் கதவே சாத்தாது, அதுல போயி வெக்கறீங்களேன்னு. அதுக்கு அக்கா சொன்னாங்க, ‘டேய், இங்க கரண்ட் போனா எவனுக்கும் தெரியாது. எங்க வூட்ல போனா தெரிஞ்சிடும். காலையில அவருக்கு டீ குடிக்கணும். பாலு கெட்டிருந்தா பாட்டிலும் போச்சு. பாலு நல்லா இருந்தா பாட்டிலும் நல்லா கீது. அத விட நல்ல அலாரம் எந்த லேப்ல கீது’ன்னாங்க.”

டிரைவர் ஏறினார். வண்டி உறுமியது. அப்ரோஸ் இன்னும் ஏதோ சொன்னான். கேட்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் பாண்டியனின் கை கம்பியைப் பிடித்த மாதிரியே மேலே இருந்தது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் அவனை ஒரு மாதிரி பார்த்ததும் இறக்கினான்.

வண்டியை எடுத்தான். ஏரிக்கரைப் பக்கம் திரும்பவேண்டிய இடம் வந்தது. திரும்பவில்லை. நேராக வீட்டுக்குப் போனான். மங்கம்மா அழுத களைப்பில் முந்தானையை விரித்துப் படுத்திருந்தாள். அவன் ஃப்ரிட்ஜைத் திறந்தான். கதவுத் தட்டில் பாட்டில் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஈரம். பின்னால் பால் பாக்கெட், கிளிப்போடு. எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தபடியே விட்டு, அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தான். குளிர் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் அன்று மத்தியானம் அவளைப் பெரிய வார்டுக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அவளுக்கு மாற்றுத்துணி எடுத்துவர அவன் கிளம்பினான். கண்ணைத் திறக்காமல் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். உதடு வெடித்திருந்தது. அவன் குனிந்தான். அவள் சொன்னதைக் காய்ச்சல் பேச்சு என்று நினைத்தான். சரி சரி என்றான். வீட்டுக்கு வந்து துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினான், ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. திரும்பியபோது அவளுக்கு நினைவில்லை. பிறகு வரவும் இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து, வீட்டில் முதல் தடவை பால் வாங்கிய அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் அதைச் செய்துகொண்டுதான் இருந்தான், ஏன் என்று தெரியாமலே.

அவன் கிளிப்பை எடுத்தான். அன்று அவள் சொன்னது இவ்வளவுதான்:

“வூட்டுக்குப் போன ஒடனே மொதல்ல பால மோந்து பாருபா.”